ஐம்பதில் பதினேழாவது வில்: எய்வதா, எடுத்து வைப்பதா?

பொருநைக்கரையான் (பாளையங்கோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். கப்பலில் இன்ஜினியராக 26 வருடம் ஓடிவிட்டு, போன பங்குனியில் பாளையங்கோட்டைக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பெட்டி படுக்கையோடு ஏழு வில்களும் வந்தன. ஏழும் லாங்போ. ஆள் உயரத்துக்கு நிற்கிற பழைய மாதிரி நீள வில். சக்கரம், குறிகாட்டி எதுவும் கிடையாது. அதில் ஒன்று, ஐம்பது வில் கொண்ட ஒரு வரிசையில் பதினேழாவது, இதுவரை எய்யாதது. அதை எய்யலாமா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஆனால் அதை மட்டும் கேட்டால் நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று உங்களுக்குப் புரியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா வீரவநல்லூர் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். குழுவின் வில் எங்கள் வீட்டில்தான் இருக்கும். பனை வைரத்தில் செய்தது, பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு, வரிசையாக வெண்கல மணிகள். சுடலைமாடன் கோயில் கொடை முடிந்து விடியற்காலை வந்ததும் தாத்தா முதலில் நாணைத் தளர்த்துவார், அப்புறம்தான் கால் கழுவுவார். மணிகளைக் கழற்றித் துணியில் முடிந்து, வில்லைப் பட்டாசலில் (நடுக்கூடத்தில்) இரண்டு மர முளைகளின் மேல் கிடத்துவார். அவர் காலமான பிறகு, வில்லுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். நாணை முறுக்கி ஏற்றி, மணிகளைக் கட்டி, அடுக்களைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். அதற்கப்புறம் ஒருவரும் அதைத் தொடவில்லை. 1998 கோடையில் ஒரு மத்தியானம் வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் நடுவிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கீறிக் கிடக்கிறது. நான் கப்பலுக்குப் போவதற்கு முந்தின வருடம் அது. பூசை செய்தே அந்த வில்லைக் கொன்றுவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை போகவில்லை.

2014-ல் எங்கள் கப்பல் சவுத்தாம்ப்டனில் நின்றபோது, ஒரு நாள் லீவில் பக்கத்து போர்ட்ஸ்மவுத்துக்குப் போனேன். மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545-ல் அந்தக் கரைக்கு எதிரேயே மூழ்கியது, 1982-ல் மேலே தூக்கினார்கள். பழைய கப்பலைப் பார்க்கலாம் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். உள்ளே வில்கள். முழுசாகவே 137 வில்கள் அந்தக் கப்பலில் கிடைத்திருக்கின்றன, அம்புகள் 3,500-க்கும் மேலே. ஒவ்வொரு வில்லும் என்னைவிட உயரம். இழுவிசை, அதாவது நாணை முழுக்க இழுத்துப் பிடிக்கத் தேவையான பலம், 100 பவுண்டுக்குக் குறையாது, அதற்கும் மிக மேலே போகிறவையும் உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று தாத்தாவின் முளைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து மூடும் நேரம் என்று சொல்லும்வரை நகரவில்லை.

அதற்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். 1472-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம்: துறைமுகத்துக்கு வருகிற வணிகக் கப்பல் ஏற்றி வரும் சரக்கில், டன்னுக்கு நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும். நல்ல யூ மரம் அவர்கள் ஊரில் போதவில்லை, ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வர வேண்டியிருந்தது. சரக்குக் கப்பலில் சோறு தின்றவன் நான். என்னைப் போல யாரோ ஒருவன் அந்தக் கட்டைகளை எண்ணி இறக்கியிருப்பான் அல்லவா? அன்றைக்கே ஒரு வில் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் வாங்கியது இங்கிலாந்தில் ஒரு வில் தச்சரிடம். 74 அங்குலம், முழுக்க ஒரே யூ மரத்துண்டு, இரண்டு நுனியிலும் நாண் மாட்டக் கொம்புக் குமிழ். யூ மரத்தில் வெளிப்பக்கம் வெள்ளை, உள்ளே செம்பழுப்பு வைரம். வில்லின் முதுகில், அதாவது எய்கிறவனுக்கு அந்தப் பக்கம், வெள்ளை வருகிற மாதிரியும் வயிற்றில் வைரம் வருகிற மாதிரியும் செதுக்குவார்கள். வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். வெள்ளை இழுப்பைத் தாங்கும், வைரம் நசுக்கத்தைத் தாங்கும். அந்த இரண்டு நிறமும் சேர்கிற கோட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், சொல்லித் தெரியாது. புயலில் சாய்ந்த ஒரே மரத்திலிருந்து அவர் பன்னிரண்டு வில் எடுத்தார். எனக்கு வந்தது ஒன்பதாவது. பதின்மூன்றாவது கிடையாது, மரம் தீர்ந்துவிட்டது.

இப்படி எண்ணிட்ட வில்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. சிலர் இத்தனைதான் செய்வேன் என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, பளபளப்பான பெட்டி, சான்றிதழ், பொன்னெழுத்து என்று விற்கிறார்கள். வில் சாதாரணம், எண்தான் விலை. அதை நான் தொடுவதில்லை. மரம் தீர்ந்ததால் நின்ற வரிசை, கைப்பக்குவம் மாறியதால் ஒருவர் நிறுத்திய வரிசை, இவைதான் வாங்கத் தக்கவை என்பது என் முடிவு. எண்ணும் கையெழுத்தும் மரத்தின் மேலேயே மையால் எழுதி, அதற்கு மேல் வார்னிஷ் ஏறியிருக்க வேண்டும். கூடவே நீளம், இழுவிசை, எத்தனை அங்குலத்துக்கு அளந்தது என்ற குறிப்பு. இது இல்லாத வில்லைப் படத்தில் பார்த்து வாங்காதீர்கள். ஒரு முறை பணம் கட்டிவிட்டு, கைப்பிடி மரம் ஈட்டி (ரோஸ்வுட்) இனம் என்று பிறகு தெரிந்தது. அந்த இனம் முழுவதும் 2017-ல் சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தில் ஏறியது, அப்போது விற்பனைக்கு நாடு விட்டு நாடு போகத் தாள் வேண்டியிருந்தது. விற்றவரிடம் தாள் இல்லை. வில்லும் வரவில்லை, பாதிப் பணம்தான் திரும்பியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது வில், ஐம்பதில் பதினேழு. அமெரிக்காவில் தனியாக வேலை செய்கிற ஒருவர் 2009-ல் செய்தது. 66 அங்குலம், 28 அங்குல இழுப்புக்கு, அதாவது நாணை அவ்வளவு தூரம் இழுத்தால், 45 பவுண்டு. நடுவில் மூங்கில் அடுக்கு, மேலே சீட்டு மாதிரி மெல்லிய யூ, அதற்கும் மேலே நிறமில்லாத ஃபைபர்கிளாஸ். கைப்பிடி ஓசேஜ் ஆரஞ்சு மரம். அந்த மரத்தை அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் 'வில் மரம்' என்றே கூப்பிட்டார்கள், பழங்குடிகள் வில்லுக்கு அதைத்தான் தேடிப் போனார்கள். புதிதாகச் சீவினால் மஞ்சள் கிழங்கை நறுக்கினது போல இருக்கும். வெயில் படப்படப் பழுப்பாகிவிடும். என் கைக்கு வந்த வில்லில் அது இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. முதல் சொந்தக்காரர் உறையை விட்டு அதை எடுக்கவே இல்லை. ஒரு அம்புகூட எய்யாத வில்.

நானும் இரண்டு வருடமாக எடுக்கவில்லை. சித்திரையில் மத்தியானம் என் வீட்டில் காற்றின் ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே போகிறது, ஐப்பசி கார்த்திகையில் 85-ஐத் தொடும். கப்பல் பழக்கத்தில் தினமும் எழுதி வைக்கிறேன். இந்த வாடை மழைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. பதினேழை நாணேற்றி எய்யலாமா, இல்லை எய்யாத வில் என்ற பெயரோடு அப்படியே விட வேண்டுமா? மழைக்காலத்தில் ஏழையும் எங்கே வைப்பது? மேல்மச்சு காய்ந்திருக்கிறது, அங்கே ஏற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். மூன்றாவது, தாத்தாவின் வில். கீறலோடு என்னிடம்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கிற எபாக்சி பசை ஊற்றி ஒட்டிவிடலாமா?

தேரிக்காடு (திசையன்விளை):

அண்ணாச்சி, வில் எனக்குத் தெரியாது. பழைய கைக்கடிகாரம் சேர்க்கிறவன். ஆனால் சேர்ப்பதில் ஒரு நியாயம் எல்லாவற்றுக்கும் பொது. ஐம்பது வில்லில் இன்னும் எத்தனை எய்யாமல் இருக்கும்? இரண்டோ மூன்றோ. உங்களிடம் இருப்பது அதில் ஒன்று. ஒரு அம்பு எய்துவிட்டால் அந்த நிலைமை திரும்ப வராது. அதைச் செய்தவர் கையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே ஒன்றாவது எங்கேயாவது இருக்க வேண்டாமா? எய்வதற்கு உங்களிடம் இன்னும் ஆறு இருக்கிறது. நான் என்றால் தொட மாட்டேன்.

செங்கோட்டைச் சாரல் (இப்போது பெங்களூரு):

அண்ணாச்சி, நான் பதினோரு வருடமாக மர வில் எய்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். முதலில் அவசரமான ஒன்று: பதினேழை மேல்மச்சுக்கு ஏற்றாதீர்கள்!

உங்களிடம் இரண்டு சாதி வில் இருக்கிறது, இரண்டுக்கும் எதிரி வேறு வேறு. ஃபைபர்கிளாஸ் போர்த்திய வில்லுக்கு மழை பெரிய பொருட்டே இல்லை, ஈரம் உள்ளே போக அவ்வளவாக வழி கிடையாது. அதற்கு எதிரி சூடு. அடுக்குகளைப் பிடித்துக்கொண்டிருப்பது பசை, சூடேறினால் பசை இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மத்தியானம் விட்டுப் பிளந்துபோன வில்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) நேர் கீழே இருக்கிற மச்சு, சித்திரையில் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். முழு மர வில்லுக்கு நேர் எதிர். ஈரம் ஏறினால் மரம் மெத்தென்று ஆகும், அந்த நிலையில் இழுத்தால் நாண் பக்கமாகவே வளைந்து நின்றுவிடும், வேகம் போய்விடும். ரொம்பக் காய்ந்தால் முறியும். வில் செய்கிறவர்கள் மரத்துக்குள் எட்டிலிருந்து பத்து சதவீத ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். காற்றில் ஈரம் 50 சதவீதம் சுற்றி இருந்தால் மரம் தானாக அங்கே வந்து நிற்கும். உங்கள் கார்த்திகை 85-ல் மரம் 16-ஐத் தாண்டிப் போகும். ஆகவே யூ வில்லைக் கார்த்திகையில் எய்யாதீர்கள். தையில் காற்று காய்ந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும். ஓய்வு எடுத்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

மேலே வார்னிஷ், அரக்கு என்று எதையும் பூசக் கை துறுதுறுக்கும். செய்தவர் பூச்சின் மேல் வேறு பூச்சு வேண்டாம். தேன்மெழுகு மெல்லியதாகத் துணியில் தேய்த்தால் போதும். ஈரத்தை அது நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும். யூ மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் விஷம்.

இனி பதினேழு. எய்யலாம், ஆனால் எடுத்தவுடனே இழுக்கக் கூடாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து இரண்டு கையின் ஓரங்களையும் பாருங்கள். (வில்லின் மேல்பாதி, கீழ்ப்பாதியைக் கை என்றுதான் நாங்கள் சொல்வோம்.) பசைக் கோடு தலைமயிர் மாதிரி ஒரே சீராகத் தெரிய வேண்டும். எங்காவது வெளுத்திருந்தால் அங்கே விட்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த வில்லைச் சுவரிலேயே வையுங்கள். கைப்பிடி மெலிந்து கையோடு சேர்கிற இடத்தை இரண்டு தடவை பாருங்கள், பாரம் எல்லாம் அங்கேதான் விழும். பஞ்சு உருண்டையை நுனிவரை இழுத்துப் பாருங்கள். சிலும்பு இருந்தால் பஞ்சு சிக்கும், கண்ணை ஏமாற்றினாலும் பஞ்சை ஏமாற்ற முடியாது.

காலைக் குறுக்கே விட்டு வளைத்து நாணேற்றுகிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வில் முறுக்கிக்கொள்ளும். நாணேற்றும் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். நாண் டேக்ரான் நூலாக இருக்கட்டும். இப்போது வருகிற நீளாத நூல்கள் நுனியைக் கெட்டிப்படுத்திய வில்லுக்குத்தான் சரிப்படும், இல்லையென்றால் நுனியை வெட்டிவிடும். நாணேற்றி ஒரு மணி நேரம் சும்மா வைத்து, மறுபடியும் டார்ச். அப்புறம் பத்து அங்குலம் மட்டும் முப்பது தடவை இழுத்து மெல்ல விடுங்கள். நாணைக் கையிலிருந்து நழுவ விடக் கூடாது, அம்பில்லாமல் விட்ட நாண் வில்லை உடைக்கும். பிறகு பதினைந்து அங்குலம், பிறகு இருபது. 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெய்னுக்குக் குறையாத அம்பு வேண்டும், நம் கணக்கில் 29 கிராம் சொச்சம். லேசான அம்பு பாதி வெற்று நாண் மாதிரி.

உங்கள் இழுப்பு எத்தனை அங்குலம்? அதைச் சொல்லவில்லையே.

களக்காட்டான் (கென்ட், இங்கிலாந்து):

பொருநைக்கரையான் அண்ணாச்சி, மேரி ரோஸைப் பார்த்துவிட்டு நீங்கள் நின்ற அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். வேலைக்கு வந்த முதல் வருடம், குளிரும் தனிமையுமாக இருந்த நேரம்.

வைக்கிற விஷயம் மட்டும் சொல்கிறேன். இங்கே வில் வைக்கிற உயரமான அலமாரிக்கு ஆஸ்கம் என்று பெயர். ரோஜர் ஆஸ்கம் என்பவர் வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர், அது வெளிவந்ததும் மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545-ல்தான். அந்த அலமாரிக்குள் வில்லைத் தொங்கவிடுவார்கள், கீழ் நுனியில் பாரம் விழாது. தாத்தா மாதிரிப் படுக்கை வசத்தில் இரண்டு முளையில் வைப்பதும் நல்லதுதான். ஆனால் இரண்டு முளையும் நுனியில் இருந்தால் நடு தொய்யும், நடுவில் இருந்தால் நுனி தொய்யும். என்னுடையதை நுனியிலிருந்து கால் பாகம் தள்ளித் தாங்கியிருக்கிறேன். மூலையில் சாத்துவது மட்டும் எந்த ஊரிலும் கூடாது.

யூ வில்லின் வயிற்றை நகத்தால் வருடிப் பாருங்கள். குறுக்கே மெல்லிய மடிப்பு மாதிரி தட்டினால் வைரம் நசுங்க ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம் இருந்தால் பயமில்லை, அளந்து எழுதி வையுங்கள், அடுத்த வருடம் கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். முழுக்க இழுத்துவிட்டு ஆற அமரக் குறி பார்ப்பவராக இருந்தால் அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். யூ அதைப் பொறுக்காது. இழுத்த வேகத்தில் விட வேண்டும்.

அம்பை ஆசாரி (அம்பாசமுத்திரம்):

ஐயா, எபாக்சி ஊற்ற வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு.

நான் தச்சு வேலைக் குடும்பம். என் அப்பா இரண்டு வில்லுப்பாட்டுக் குழுக்களுக்கு வில் செதுக்கிக் கொடுத்திருக்கிறார். வெள்ளைக்கார ஊர் மரத்துக்கு வைரம் உள்ளே, வெள்ளை வெளியே என்று எழுதியிருக்கிறீர்கள். பனைக்கு அது தலைகீழ். வைரம் வெளியே, சோறு உள்ளே. நடு மரத்தைப் பிளந்தால் பஞ்சு மாதிரி வரும், மேல் வட்டம் மட்டும் கறுப்பு நாரோடு இரும்பாக இருக்கும். அதனால் பனை வில்லை வயதான மரத்தின் வெளிவட்டத்திலிருந்துதான் எடுப்பார்கள், அடிமரமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த நார் எல்லாம் நீளவாக்கில் ஓடுகிறது, ஒன்றோடொன்று பின்னவில்லை. அதனால் பனை குறுக்கே ஒடியாது, நெடுக்கக் கீறும். உங்கள் வீட்டு வில் நடந்துகொண்டதும் அப்படித்தான். நாண் முறுக்கிய முறுக்கு, அடுக்களைச் சூடு, ஊன்றி நின்ற பாரம், மூன்றும் சேர்ந்தால் எந்த வில்லும் தாங்காது.

கீறலில் எபாக்சி ஊற்றினால் நாருக்குள் புகுந்து கல்லாகிவிடும். மழைக்கும் வெயிலுக்கும் பனை விரிந்து சுருங்கும், கல் அசையாது, பக்கத்தில் புதிதாக ஒரு கீறல் விடும். அப்புறம் யார் வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது. நாங்கள் வச்சிரம் (மாட்டுத் தோலில் எடுக்கிற பசை) காய்ச்சிப் போடுவோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அது எப்போது வேண்டுமானாலும் விடும், அடுத்த தலைமுறை ஆசாரி திருத்திக்கொள்ளலாம். கீறலுக்குள் பசை வேண்டாம், காற்று ஊதித் தூசியை எடுத்தால் போதும். பருத்தி நூலை வச்சிரத்தில் நனைத்து, கீறலின் இரண்டு முனைக்கும் அப்பால் நான்கு விரற்கடை தாண்டிப் பிடித்து, இடைவெளி விட்டு நான்கைந்து இடத்தில் சுற்றுக் கட்டு. கீறல் மேலே ஓடாது. ஆனால் அந்த வில்லில் இனி முழு முறுக்கில் நாண் ஏற்றக் கூடாது. பாட்டுக்கு ஆகாது என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. இருந்தாலும் கீறல் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்.

முளை விஷயம். வாடைக்காற்றில் சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் அடிக்காதீர்கள், சுவர் குடித்த தண்ணீரை உள்பக்கமாகத்தான் விடும். இரண்டு அறைக்கு நடுவில் இருக்கிற சுவர் நல்லது. முளைக்கு வேப்ப மரம் போடலாம். மேலே சைக்கிள் டியூப் சுற்றாதீர்கள், ரப்பர் பட்டால் வில்லில் கறை விடும். பழைய வேட்டித் துணி சுற்றினால் போதும்.

பொருநைக்கரையான்:

எல்லோருக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதத்தான் நினைத்தேன், நான்கு நாள் வேலையே சரியாக இருந்தது.

அம்பை ஆசாரி ஐயா, எபாக்சி டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கீறலை அளந்தேன்: 19 அங்குலம், ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் வரை ஊடுருவவில்லை. நடுவிலிருந்து வலப்பக்கமாக ஓடுகிறது. உங்களுக்குத் தனியாகப் படம் அனுப்பியிருக்கிறேன். பட்டாசலுக்கும் தார்சாவுக்கும் நடுச்சுவரில் வேப்ப முளை அடித்தாயிற்று. பழைய முளை ஓட்டைகளை அம்மா காட்டினார்கள், சுண்ணாம்பு பூசி மறைந்திருந்தது. தாத்தா தேர்ந்தெடுத்ததும் அதே நடுச்சுவர்தான்! நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியபோது அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று நாணை ஏற்றச் சொன்னது அவர்கள்தான் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். மாலையும் குங்குமமும் இனி முளைக்கு மேலே சுவரில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.

தேரிக்காடு தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு இரவு யோசித்தேன். ஒன்றாவது அப்படியே இருக்கட்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. நான் விற்பதற்காக வாங்கவில்லை என்பதால் விலை போனால் போகட்டும் என்று சொல்வது எனக்குச் சுலபம், ஆனால் நீங்கள் கேட்டது விலையைப் பற்றி இல்லை என்று தெரிகிறது. செய்தவருக்கே கடிதம் எழுதிக் கேட்டேன். அவர் இப்போதும் வில் செய்கிறார். ஐம்பதையும் தானே நாணேற்றி, வளைவைச் சரிபார்த்து, ஒவ்வொன்றிலும் சில அம்பு எய்து பார்த்த பிறகுதான் எண் எழுதியதாகப் பதில் வந்தது. எய்யாமல் ஒரு வில்லைச் சரியான வில் என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றும் எழுதியிருந்தார். ஆக, எய்யாத வில் என்று ஒன்று அந்த வரிசையில் இருந்ததே இல்லை. அவர் கடிதத்தை வில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

சாரல் தங்கச்சி, என் இழுப்பு 26 அங்குலம். என் கையில் அது 40 பவுண்டுக்குச் சற்று மேலே நிற்கும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் சொன்ன வரிசையில்தான் எல்லாம் செய்தேன். டார்ச்சுக்குப் பசைக் கோடு சீராக இருந்தது. பஞ்சு ஒரே இடத்தில் சிக்கியது, கீழ் நுனியில். பார்த்தால் உறையின் நூல் பிசிர். நாணேற்றி ஒரு மணி நேரம் திண்ணையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலை அம்பாசமுத்திரம் பக்கம் தங்கை வீட்டுத் தோப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே குளத்துக் கரை ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது, அம்பு தவறினாலும் மண்ணில்தான் போகும், அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமும் கிடையாது. இங்கிலாந்தில் அம்பு தைக்கும் இலக்கை வைக்கோல் பிரி திரித்து வட்டமாகச் சுற்றியும் செய்கிறார்கள். முதன்முதலாக அதைப் பார்த்தபோது, வில்லுப்பாட்டுக் குடத்துக்கு அடியில் போடுகிற பிரிமணையை யாரோ மூன்றடிக்குப் பெரிதாக்கினது போலிருந்தது. தங்கை வீட்டுக்காரர் போன அறுவடை வைக்கோலில் அதே மாதிரி ஒன்று சுற்றிக் கொடுத்திருக்கிறார், பின்னால் கிழிந்த கோரைப்பாய் இரண்டு மடிப்பு. பதினைந்து கஜத்தில் நின்றேன். முதல் அம்பு போன சத்தம் ஏழு வில்லிலும் நான் கேட்காத சத்தம். கையில் உதறலே இல்லை. மூங்கில் அடுக்கின் குணமா, அவர் கைப் பக்குவமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தங்கை மகன் கேட்டான், நானும் ஒன்று எய்யட்டுமா என்று. அவன் என்னைவிட அரையடி உயரம், இழுப்பு நீளம். இந்த வில்லில் வேண்டாம், 28 அங்குலத்தைத் தாண்டிவிடுவாய் என்று சொல்லி, பழைய ஹிக்கரி மர வில்லை எடுத்துக் கொடுத்தேன்.

களக்காட்டான் தம்பி, யூ வில்லின் வயிற்றில் நகம் இரண்டு இடத்தில் தட்டியது. கைப்பிடிக்குக் கீழே நாலரை அங்குலத்தில் ஒன்று, பதினொன்றில் ஒன்று. எழுதி வைத்துவிட்டேன். தை பாதிவரை அது முளையிலேயே இருக்கும்.

ஆசாரி ஐயா கார்த்திகை தீபம் கழிந்து வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்து போனதும் எழுதுகிறேன். அதுவரைக்கும் நேற்றுப் பதிவேட்டில் எழுதியதை அப்படியே கீழே போடுகிறேன், சாரல் தங்கச்சி பார்த்து ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

வில் 17/50. காலை 6:40. காற்றில் ஈரம் 68, சூடு 26. நாண் டேக்ரான், நாண் உயரம் (கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி) ஆறே முக்கால் அங்குலம். அம்பு மூங்கில், 31 கிராம். எய்தது 24. எய்த பின் பசைக் கோடு பார்த்தது, மாற்றம் இல்லை. நாண் இறக்கியது 7:35. கைப்பிடி நிறம் மஞ்சள்.